மூன்றாம் வருடத்து ஸ்தோத்திரம்

காணிக்கைக் கவரை முன்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் கோயிலில் தருகிற மஞ்சள் கவர் அது. பெயர் எழுத ஒரு கோடு, நன்றிக்கான காரணம் எழுத இரண்டு கோடு. பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்கு நிலை வைத்தது, எதுவானாலும் அந்த இரண்டு கோட்டுக்குள் எழுதிவிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் குருவானவர் ஒவ்வொரு கவராக எடுத்து வாசிப்பார். பெயர் வந்தவர்கள் எழுந்து முன்னால் போய் நிற்பார்கள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நான் யோசிக்காமல் எழுதினேன்: ஜெர்சோன், எஸ்லின் குடும்பத்தார், பூரண சுகம் கிடைத்ததற்காக. இந்த வருடம் பெயர்களை எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே பேனா நின்றுவிட்டது.

இரண்டு நாளைக்கு முன்னால்தான், வியாழக்கிழமை, மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டியிருந்தார். மண்ணீரல் இருக்க வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்காக வீங்கி வயிற்றை இடித்துக்கொண்டு நின்றது. அதனால்தான் ஒரு மாதமாக என் வீட்டுக்காரர் இரண்டு இட்லிக்கு மேல் போதும் என்று தட்டைத் தள்ளியிருக்கிறார். வெயிலுக்குப் பசியில்லை என்று நான் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் கட்டி ஒன்றும் இல்லை. அக்குளில் மட்டும் புளியங்கொட்டை அளவில் ஒன்று.

முதல் தடவை வந்தது கொரோனா வருடத்தில். அப்போது கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி. மேண்டில் செல் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை என்று டாக்டர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். பத்து நாளில் அந்த நோயைப் பற்றி ஒரு பாடம் நடத்துகிற அளவுக்கு வாசித்துவிட்டேன். வாசித்ததில் மனதில் நின்றது ஒரே வரிதான். இது அடங்கும், ஆனால் திரும்பும். ஆறு சுற்று மருந்து ஏற்றினார்கள். பிறகு அவருடைய ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எனும் மூல அணுக்களைப் பிரித்து உறைய வைத்து, உடம்பிலிருப்பதையெல்லாம் கடுமையான மருந்தால் அழித்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப ஏற்றினார்கள். இருபத்திரண்டு நாள் கண்ணாடி அறைக்குள் இருந்தார். பதினாலு மாதம் ஞாயிறுதோறும் கோயிலில் வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் அவர் பெயரை வாசித்தார்கள். யாரும் வீட்டுக்குள் வரக் கூடாத காலம் என்பதால் சபையார் எங்கள் கேட்டில் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் தொங்கவிட்டு, பெல்லை அடித்துவிட்டுத் தெரு முனையில் நின்று கையசைப்பார்கள். கடைசி நாளில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, "இப்போ ஒண்ணுமில்ல. ஆனா இது திரும்ப வரலாம். எப்போன்னு சொல்ல முடியாது" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்து, பூரண சுகம் என்று கவரில் எழுதினோம். தற்காலிகமாக அடங்கியிருக்கிறது என்று எழுதி யாரும் காணிக்கை வைப்பதில்லை. அதற்குக் கவரில் இடமும் இல்லை.

இந்த வருடம் எதுவும் எழுதாமல் விட்டிருக்கலாம். கவரே வைக்காமல் இருந்திருக்கலாம். மாரிச்செல்வம் இல்லாதிருந்தால் அப்படித்தான் செய்திருப்போம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு பெண் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். பெயர் நிர்மலாதேவி, பனவடலிசத்திரம். "ஈ.பி. அண்ணாச்சி வீடு இதானா" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊரிலுள்ள விசைத்தறிக் கூடங்களுக்கெல்லாம் மீட்டர் பார்க்கப் போவார். அவளுடைய புருஷன் மாரிச்செல்வம் அப்படி ஒரு கூடத்தில் நாலு தறி ஓட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயது. பைக்குள்ளிருந்து அவள் எடுத்த ரிப்போர்ட்டை இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, நம்ம சொந்தக்காரன் வந்திருக்கான்."

அதே நோயின் பெயர், அதே எழுத்துகள். நிர்மலா அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம். "ஊசி போட மாட்டேங்காக அண்ணாச்சி. இவுக அண்ணன் ரெண்டாவது ஊசியிலயே போயிட்டாரு. அது வேற சீக்குன்னு சொன்னா கேக்க மாட்டேங்காக. ஊசிதான் கொன்னுச்சுங்காக. மலையடிவாரத்துல ஒருத்தர்ட்ட பச்சிலை வாங்கிக் குடிக்காக. நீங்க பொழச்சு நடமாடுதீக. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாக" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவர் அதே வேலையாக அலைந்தார். தறிக்கூடத்துக்குப் போவார், டீக்கடையில் நிறுத்துவார், சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டுவார். மாரிச்செல்வத்துக்கு நாள் குறித்து, காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து, மதுரையில் அதே டாக்டரிடம் சேர்த்தார். முதல் ஊசி ஜூலை இரண்டாவது செவ்வாய். அதற்கு இரண்டு நாளைக்கு முன்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்றாம் வருடத்து ஸ்தோத்திரம். "எங்க கோயிலுக்கு வந்து பாருலே. நானூறு பேருக்கு முன்னால நிக்கப் போறேன். அதப் பாத்துட்டு ஊசிக்குப் போ" என்று கூப்பிட்டும் விட்டார். இதற்கெல்லாம் பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

மதுரையிலிருந்து திரும்பும் ரயில் திருவில்லிபுத்தூரைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. பயம் கூட வரவில்லை. திரும்பவும் அந்தப் படிக்கட்டுகள், அந்த லிஃப்ட், அந்தக் கேண்டீன் சாம்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம மாரிச்செல்வத்த வரச் சொல்லிருக்கேன்" என்றார்.

"வேண்டாம்னு சொல்லிருங்க."

"சொன்னா செவ்வாக்கெழம அவன் ரயில் ஏற மாட்டான்."

"நெசத்தச் சொல்லி ஏறச் சொல்லுங்க."

"நெசத்தச் சொன்னா எவன் ஏறுவான்? ஏட்டி, மூணு வருஷம் நல்லாத்தான இருந்தேன். நம்ம ஷெர்லி கல்யாணத்துல ஓடி ஓடிப் பந்தி பரிமாறுனேன். அந்த மூணு வருஷம் பொய்யா? அத அவனுக்கும் வாங்கிக் குடுப்போம். ஆறு ஊசி முடியட்டும். மிச்சத்தப் பெறவு சொல்லிக்கிடலாம்."

"ஆண்டவருக்கு முன்னால போயி நின்னுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

"ஆண்டவருக்குத் தெரியும்லா. அவருக்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம். நாம ஏமாத்துதது மாரிச்செல்வத்த மட்டுந்தான்."

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளிடம், "ராஜபாளையம் வந்துட்டாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கவரில் எழுதினேன்: 'இம்மட்டும் நடத்தியதற்காக.' அது பொய் இல்லை. அதுவரைக்கும் நடத்தியது நிஜம்தான். எழுதியபிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவரிடம் காட்டினேன். "டீச்சர்னா டீச்சர்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வமும் நிர்மலாவும் முதல் மணி அடிக்கும்போதே வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் கோயிலுக்குள் செருப்போடு போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாங்கள் எழும்போது உட்கார்ந்திருந்தான், நாங்கள் உட்காரும்போது எழுந்தான். கழுத்துக் கட்டி தெரியாமலிருக்கத் துண்டைச் சுற்றியிருந்தான்.

கவர்கள் வாசிக்கும் நேரம் வந்தது. நாலு பிறந்தநாள், இரண்டு கல்யாண நாள், ஒரு வேலை. பிறகு குருவானவர் எங்கள் கவரைக் கையில் எடுத்தார். பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் கண்ணாடி அறையில் இருந்தபோது தினமும் போனில் ஜெபம் பண்ணியவர். கவரின் மேல் நான் எழுதியதை அவர் வாசிக்கவே இல்லை. அதை மேஜையில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கை நீட்டி, "நம்ம ஜெர்சோன் அண்ணன் பூரண சுகம் பெற்று இன்றைக்கு மூன்று வருடம் நிறைவாகுது. கொடிய வியாதி இருந்த அடையாளமே இல்லாமல் போன அதிசயத்துக்காக அந்தக் குடும்பம் ஸ்தோத்திரம் செலுத்துறாங்க" என்றார். நான் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்த வார்த்தை கவரோடு மேஜையில் கிடந்தது. நாங்கள் நடந்து போய் முன்னால் நின்றோம். சபை எழுந்து ஒரு சரணம் பாடியது. எனக்கு வாய் வரவில்லை. அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைக் குரலில் கடைசி வரை பாடினார். அவருடைய ஒரு கை இடது விலாவுக்குக் கீழே, சட்டைக்கு மேல் இருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பாடுகிறார் என்று சபையார் நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் ஞானபூரணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரரு மெலிஞ்சு வாலிபப் பையன் மாரி ஆயிட்டாரே, என்னட்டி சாப்பாடு போடுத?" என்றாள். மாரிச்செல்வம் வேப்பமரத்தடியில் தயங்கி நின்றான். இவர் அவன் தோளில் கையைப் போட்டார்.

"அண்ணாச்சி, ஊசி போட்டா உங்களுக்கு முடியெல்லாம் கொட்டிச்சா?"

"கொட்டுததுக்கு எங்கிட்ட என்னலே இருந்துச்சு?" என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அவன் ரயில் ஏறினான். வியாழக்கிழமை நாங்கள் ஏறினோம்.

லிம்போமா ஊசிக்கு வருகிறவர்களுக்குச் செவ்வாய், மாத்திரையில் இருப்பவர்களுக்கு வியாழன் என்று அந்த ஆஸ்பத்திரியில் பிரித்து வைத்திருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இவருக்கு இந்த முறை மாத்திரை. காலையில் நாலு, ஒரே நேரத்தில். வாந்தி இல்லை, முடி போகாது. ஆனால் தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டிக் கருநீலமாகும். மீட்டர் பெட்டியில் முழங்கை இடித்தால் பத்து நாளைக்கு அந்த நிறம் போகாது. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். "என்ன அண்ணாச்சி, வேக்காட்டுல முழுக்கையோட அலையுதீரு?" என்று மாரிச்செல்வம் கேட்டால், "ஆபீசராயிட்டேன்லா வே" என்பார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டு இறங்கியபிறகு அவனுக்கு இரண்டாவது ஊசி. அண்ணன் போன எண் அது. போட்டுவிட்டு வந்து மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "வாயெல்லாம் துருவேறுன ஆணிய மென்ன மாரி இருக்கு டீச்சர். சோத்தப் பாத்தாலே கொமட்டுது" என்றான். "அப்படித்தாம்ல இருக்கும். நான் என்ன தின்னாமலா இருந்தேன்? எஸ்லி, ரெண்டு பேருக்கும் தட்டு வை" என்றார் இவர். நான் வைத்தேன். அவர் அவனைப் பார்த்துக்கொண்டே நாலு இட்லி சாப்பிட்டார். ஐந்தாவதும் கேட்டார். அவனும் போட்டிக்கு மூன்று தின்றான். அவன் போனதும் அவர் பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தியெடுத்தது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு தின்னுட்டான் பாத்தியா" என்றார்.

ஒவ்வொரு ஊசிக்கும் அப்படி ஒரு சாப்பாடு நடந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அலுத்தது. கோபம் என்றும் சொல்ல முடியாது. முதல் தடவை ஊரே எங்களைத் தூக்கிச் சுமந்தது. இந்தத் தடவை நாங்கள் இருவரும் ஊருக்குத் தெரியாமல் ஒருவரையொருவர் சுமந்துகொண்டிருந்தோம். ஓசூரில் இருக்கும் மகள் ஷெர்லிக்கு மட்டும் தெரியும். அவள் போனில் அழுவாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வியாதியஸ்தர் பட்டியலை வாசிக்கும்போது அவர் பெயர் இல்லாதது என்னை அரித்தது. மூட்டு வலிக்காரர்கள் பெயரெல்லாம் இருந்தது. அக்டோபரில் ஒருநாள் அவரைக் கேட்காமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். குருவானவர் வாசித்தார்: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரருக்காக." ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி அந்தச் சகோதரருக்காக அவரும் ஜெபித்தார். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது பெண்களுக்கெல்லாம் அதே பேச்சு. "யாரா இருக்கும்? குடிக்கிறவனா இருக்கும். இல்லன்னா பேரச் சொல்லுததுக்கு என்ன?" என்றாள் ஞானபூரணம் அக்கா. நான் ஆமாம் என்றேன்.

நவம்பர் கடைசியில் மாரிச்செல்வத்துக்கு ஆறாவது ஊசி முடிந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. கழுத்துத் துண்டை எடுத்துவிட்டு, வழியில் வாங்கிய பால்கோவாவோடு நேராக ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். இவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். குளித்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவார், இத்தோடு நாங்கள் இறங்கிக்கொள்ளலாம் என்று நான் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றேன். மாரிச்செல்வம் சொன்னான்: "டாக்டர் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஊசி போடணும்னுருக்காரு அண்ணாச்சி. போட்டாதான் திரும்ப வராதாம், வந்தாலும் லேட்டா வருமாம். சீக்கே போயிட்டு, இனி எதுக்கு ஊசி? எனக்கு அரமனசாத்தான் இருக்கு. நீரு என்ன சொல்லுதீரு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நானும் போட்டேம்ல. ஒண்ணு விடாமப் போட்டேன்" என்றார். அதுவும் நிஜம்தான், முதல் தடவை முடிந்தபிறகு அவருக்கும் அந்த ஊசி போட்டிருந்தார்கள். அவன் போனபிறகு, "இன்னும் ரெண்டு வருஷமாட்டி?" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு பற்றவில்லை.

மார்ச்சில் மாத்திரைக்கு நோய் பழகிவிட்டது. ஏப்ரலில் மதுரையில் சேர்த்தோம். ஊரில் ஓசூருக்கு மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னோம். மே மாதம் ஊசி போட்டுவிட்டு மாரிச்செல்வம் போன் பண்ணினான். அவன் பேசிய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில்தான் நாங்கள் இருந்தோம். போனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன். "ஓசூர் குளிரு எப்படி அண்ணாச்சி?" என்றான். "போத்திக்கிட்டுப் படுத்திருக்கம்ல" என்றார். கடைசி வாரத்தில் ஒருநாள் தெளிவாக இருந்தபோது, "நீ சொல்லிராத. அவன் முடிக்கட்டும்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜூன் முதல் வாரத்தில் போய்விட்டார்.

மின்வாரியத்துக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு சுவரில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் மாரிச்செல்வத்துக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். எல்லாரும் மண் போட்டபிறகு கடைசியாக வந்து ஒரு கைப்பிடி போட்டான். என் பக்கம் வரவில்லை. நான் அவனைத் தேடவும் இல்லை. அவர் போனதைவிட, இனி அந்த ஹாலில் யாருக்கும் நாலு இட்லி வைக்க வேண்டாம் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் ஓடியது.

ஜூலையில் நிர்மலா போன் பண்ணினாள். போன செவ்வாய்க்கிழமை ஊசிக்கு நாள். அவன் போகவில்லை.

"தறிக்குப் போயிட்டாக டீச்சர். கேட்டா, அண்ணாச்சிக்கே நிக்கல, எனக்கு என்னத்த நிக்கப் போகுதுங்காக. அவருக்கு எப்போ திரும்ப வந்துச்சுன்னு டீச்சர் வாயால கேக்கணுங்காக. நம்மள வச்சு ஏமாத்திட்டாகன்னு ஒரே பேச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசி மாசத்துலதான் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர். நாலு வருஷம் சுத்தமா நல்லா இருந்தாருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக. அடுத்த செவ்வாக்கெழம வரச் சொல்லிருக்காங்க. அதயும் விட்டா..."

அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்த முழுக்கைச் சட்டையைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. வாரேன் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். தெருவுக்குள் நுழையும்போதே தரை அதிர்ந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் தறிக்கூடத்துக்குள் போனதில்லை. வாசலில் முப்பிடாதியம்மாள் என்று ஒரு வயசாளி ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "டீச்சர், உள்ள போனா காது போயிரும். அவன வரச் சொல்லுதேன், இங்கன இருங்க" என்றாள். பரவாயில்லை என்று உள்ளே போனேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? அது காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. பன்னிரண்டு தறிகள். பஞ்சுத் தூசி டியூப் லைட்டைச் சுற்றிப் பறந்தது. வேலை செய்கிறவர்கள் யாரும் கத்தவில்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உதட்டாலும் விரலாலும் பேசிக்கொண்டார்கள். ஒருவன் இரண்டு விரலை மடக்கிக் காட்டினான், எதிரில் இருந்தவன் சிரித்தான்.

மாரிச்செல்வம் தன் நாலு தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தான். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை. வெளியே வா என்று நான் கையைக் காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினான். என் குரலை அவன் நம்பவில்லை என்று தோன்றியது. ஒரு வருடமாக எங்கள் வீட்டு ஹாலில் எத்தனையோ குரல்களைக் கேட்டவன். இங்கே குரலே கிடையாது. முகம் மட்டும்தான்.

உதட்டை நன்றாகப் பிரித்து, "எப்போ?" என்றான். அது எனக்கே புரிந்தது.

பிறகு இடது கையின் ஐந்து விரலையும் வலது கையின் ஒரு விரலையும் உயர்த்தினான். ஆறு. ஆறாவது ஊசிக்குப் பிறகா என்று புருவத்தால் கேட்டான். நிர்மலா கேட்ட பதில் அதுதான். தலையை ஒருமுறை அசைத்தால் போதும். அவன் செவ்வாய்க்கிழமை ரயில் ஏறக்கூடும். என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் நின்றிருந்தால் யோசிக்காமல் அசைத்திருப்பார், சிரித்துக்கொண்டே. நான் இல்லை என்று தலையாட்டினேன். அதைத் தைரியம் என்றோ உண்மை என்றோ சொல்ல மாட்டேன். இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு அவனுடைய மிச்ச ஊசிகள் முடியும்வரை நடக்க என் உடம்பில் தெம்பில்லை. அவ்வளவுதான்.

ஒரு விரலை மடக்கினான். ஐந்து. நான் இல்லை என்றேன். நாலு. இல்லை. மூன்று. அவன் கை என் முகத்துக்கு நேராக இருந்தது. நகக்கண்ணில் நீலச் சாயம் ஏறியிருந்தது. இரண்டு. அண்ணன் போன எண்ணில் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தினான். அன்றைக்கு மூன்று இட்லி தின்றதை நினைத்திருப்பானோ என்னவோ. இல்லை என்றேன். ஒன்று. ஒற்றை விரல் நின்றது. அதற்கும் நான் இல்லை என்றதும் அந்த விரல் உடனே மடங்கவில்லை. அவன் கண் என் மேலிருந்து விலகிச் சுவரைப் பார்த்தது. அங்கே அவன் கோயிலின் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு விரல் மெல்ல மடங்கி வெறும் முஷ்டியானது: முதல் ஊசிக்கும் முன்பேயா? நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவன் முஷ்டியை இறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு தறியில் நூல் தீர்ந்து அது தானாக நின்றது. நின்றால் ஓடிப்போய் மாற்றுகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் நின்றது. வாசலிலிருந்து முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்து ஏதோ கத்தியது வாயசைவாகத் தெரிந்தது. அடுத்த வரிசைக்காரன் அவனை நோக்கிக் கையை ஆட்டினான். மூன்றாவதும் நின்றது. நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் சத்தம் ஒரு படி இறங்கியது. நின்ற தறிகளில் பாதி நெய்த துணி, பக்கத்துத் தறிகளின் அதிர்வில் நடுங்கியபடி கிடந்தது. நான் போகவில்லை. போ என்று அவனும் காட்டவில்லை. நாலாவது தறி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். துணி ஒவ்வொரு இழையாக ஏறி, எங்கள் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.